புது சென்சார் போட்டும் பெடல் படுத்துகிறதா?

கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் சிம் ரேசிங் பெடலில் பிரேக்குக்கான பொட்டென்ஷியோமீட்டர் (பெடல் எவ்வளவு அமுங்கியது என்று சொல்லும் சென்சார்) போய்விட்டது என்று நானாகவே முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். காலை வைக்காமலே கார் 15 சதவீதம் பிரேக் பிடித்தபடி கிளம்பியது. வாங்கிய பாகம் சொத்தை என்று இன்னொன்று வாங்கினேன். அதே கதை. மூன்றாவதையும் சால்டர் வைத்து முடித்த பிறகுதான் உண்மை தெரிந்தது: பெடல் திரும்புகிற இடத்தில், ரப்பர் உறைக்குள்ளே, ஒரு ஒயரின் கம்பிகள் அறுந்து ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தன. மல்டிமீட்டர் பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. எடுக்கச் சோம்பல்.

அன்றிலிருந்து பெடலை இப்படித்தான் பார்க்கிறேன். காலின் அசைவு மூன்று இடங்களைத் தாண்டித்தான் திரைக்குப் போகிறது. சென்சாரில் அது ஓம், ஒயரில் வோல்ட், கம்ப்யூட்டரில் ஓர் எண். மூன்றையும் வரிசையாக அளந்து வந்தால், ஒன்று சரியாக இருந்து அடுத்தது தப்பாக வருகிற இடம் ஒன்று இருக்கும். பழுது அங்கேதான். புதுப் பாகம் பிறவியிலேயே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். பெரும்பாலும் நாம் மாட்டிய விதம், எடுத்த மதிப்பு, அல்லது பாகத்துக்கு வெளியே இருக்கும் ஒயர்தான் காரணம்.

தேவையானவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், வெப்பநிலை மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, மார்க்கர் பேனா, ஒரு தாள். விலை உயர்ந்த மீட்டர் வேண்டாம், ஓம் அளவு நிலையாகக் காட்டினால் போதும்.

முதலில்: கழற்றும் முன் எழுதி வையுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகிற படி இதுதான். பழைய பாகம் கெட்டிருந்தாலும் அது சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எந்த நிற ஒயர் பாகத்தின் எந்தக் காலில் (ஒயர் சேரும் உலோக முனையில்) என்று போட்டோ எடுங்கள். பல் சக்கரம் இருந்தால், பெடல் மேலே நிற்கும்போது எந்தப் பல்லோடு எந்தப் பல் சேர்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். பாகத்தின் மேல் அச்சடித்த எழுத்தை ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

அப்புறம் கம்ப்யூட்டர் எண்கள். விண்டோஸில் விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, ஜாய்.சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் கேம் கன்ட்ரோலர் ஜன்னல் திறக்கும். அதில் பட்டைதான் தெரியும். எண்ணாகவே பார்க்க டிஐவியூ என்ற சின்ன இலவச மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். பெடல் மேலே இருக்கும்போது எவ்வளவு, முழுதாக அமுக்கினால் எவ்வளவு, மூன்று பெடலுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் இரண்டு பெடல்கள்தான் பின்னால் உங்களுக்கு அளவுகோல்.

குறித்தாயிற்றா, யூஎஸ்பியையும் ஸ்டியரிங் பேஸின் (மோட்டார் இருக்கும் பகுதியின்) பவரையும் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

பாட் வகைப் பெடல்கள்

பொட்டென்ஷியோமீட்டரைக் கடையில் பாட் என்றோ வால்யூம் கன்ட்ரோல் என்றோ கேட்டால் கிடைக்கும். (வீட்டில் யாராவது இருக்கும்போது ‘பாட்டை மாத்தணும்’ என்று முணுமுணுக்காதீர்கள், ரிமோட்டை நீட்டுவார்கள்.) லாஜிடெக் ஜி25, ஜி27, ஜி29 பெடல்களில் மூன்று பெடலுக்கும் இதுதான். உள்ளே கரிப்பூச்சுப் பாதை ஒன்று. அதன் மேல் உராய்ந்தபடி ஒரு உலோக நாக்கு. ஆக்ஸிலரேட்டர் பாட் மற்றவற்றுக்கு முன்பே தேய்வதில் ஆச்சரியமில்லை. ஸ்பா பந்தயப் பாதையில் 19 வளைவுகள். ஒரு சுற்றுக்குப் பத்து தடவை காலை எடுத்து வைத்தாலும், மணிக்கு 25 சுற்று என்றால் 250 அசைவு. நூறு மணி நேரத்தில் 25,000. சாதாரணக் கரிப்பூச்சுப் பாட்டுக்கு அது பெரிய உழைப்பு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. இந்தப் பெடல்களில் வழக்கமாக இருப்பது 10 கிலோ ஓம், நேர்விகித வகை. ஆசியத் தயாரிப்புகளில் அதை பி10கே என்று அச்சடிப்பார்கள். ஏ10கே என்று இருந்தால் அது ஆடியோ வகை. ரேடியோ சத்தத்துக்கு நல்லது, பெடலுக்கு ஆகாது. மாட்டினால் வேலை செய்யும், ஆனால் பாதி தூரம் அமுக்கும்வரை ஏதோ கொஞ்சம் அசைந்து, மிச்சப் பாதியில் திடீரென்று பாய்ந்துவிடும். ‘புது பாட் போட்டதிலிருந்து ஆக்ஸிலரேட்டர் ரொம்ப முரட்டுத்தனமா இருக்கு’ என்றால் முதலில் இந்த எழுத்தைப் பாருங்கள். தண்டின் நீளமும் டி வடிவ வெட்டும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். வெட்டு வேறு பக்கம் பார்த்தால் பல் சக்கரம் தப்பான கோணத்தில் உட்காரும்.

மாட்டும் முன்பே புதுப் பாட்டை மேஜையில் வைத்துச் சோதியுங்கள். இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே 10 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது இந்த வகையில் சகஜம். பிறகு நடுக்காலிலும் ஓர் ஓரத்திலும் வைத்துத் தண்டை மெதுவாகத் திருப்புங்கள். எண் குதிக்காமல் ஏற வேண்டும். பழையதிலும் இதையே செய்து பாருங்கள், எந்த இடத்தில் தேய்ந்தது என்பது குதிப்பில் தெரியும்.

பெடலுக்குள் பாட் இணைந்திருக்கும்போதே ஓம் அளந்து ஏமாறுபவர்கள் உண்டு. மூன்று பாட்களின் ஓரக் கால்களும் ஒரே பவர், ஒரே கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும்) ஒயரில் சேர்ந்திருந்தால், 10 கிலோ ஓம் மூன்றும் பக்கம் பக்கமாக நின்று மீட்டரில் 3.3 கிலோ ஓம்தான் வரும். பாட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெடலைக் கழற்றாமலே ஆரோக்கியம் பார்க்க இது நல்ல குறுக்குவழியும்கூட: கனெக்டரில் பவருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 3.3 வந்தால் மூன்றும் இணைப்பில் உள்ளன. 5 வந்தால் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது.

சால்டர் வைக்கும்போது 320 முதல் 350 டிகிரி. ஒரு காலுக்கு இரண்டு மூன்று வினாடி போதும். அயர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக் இளகி, காலைப் பாதையோடு பிடித்திருக்கும் ரிவெட் ஆடிவிடும். அப்புறம் ‘புதுசு, ஆனா அப்பப்ப கட் ஆகுது’ என்ற புகார் தொடங்கும்.

பல் சக்கரத்தைச் சேர்ப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாட் முழுச் சுற்று சுற்றாது. சுமார் 300 டிகிரியோடு முட்டி நின்றுவிடும். பெடல் அதில் ஒரு பகுதியை மட்டும்தான் பயன்படுத்தும். தவறான பல்லில் சேர்த்தால், பெடல் தரையைத் தொடும் முன்பே பாட் முட்டிவிடும். கையால் திருப்பும் பொருளின் மேல் காலின் பலம் முழுவதும் இறங்கினால் உள்ளே நாக்கு உடையும். அதனால் பெடல் மேலே இருக்கும் நிலையில், பாட்டை முனை வரை திருப்பி, அங்கிருந்து பத்து டிகிரி திரும்பி வந்து சேருங்கள். ஸ்பிரிங்கை மாட்டும் முன் கையால் பெடலைக் கடைசிவரை அமுக்கிப் பாருங்கள். கடைசியிலும் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும்.

மாட்டியாயிற்று, எண் தப்பாக வருகிறது

இனி வோல்ட். யூஎஸ்பியைச் செருகி, மீட்டரை டிசி வோல்டில் வைத்து, கருப்பு முனையைக் கிரவுண்டில் பிடியுங்கள். முதலில் பாட்டின் பவர் காலில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பெடல் இணையும் சர்க்யூட் போர்டுகளில் சில 5 வோல்ட் தரும், சில 3.3. பிறகு நடுக்காலை அளந்தபடி பெடலை அமுக்குங்கள். அறிகுறியைப் பார்த்தே எந்த ஒயர் என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் மூன்று கால்களும் மூன்று விதமாகத்தான் பழுதாகும்.

பவர் ஒயர் விட்டுப்போனால் நடுக்கால் கிரவுண்டை மட்டும்தான் பார்க்கிறது. எண் பூஜ்யத்தில் உறைந்துவிடும். கிரவுண்ட் விட்டுப்போனால் நேர்மாறு: உச்சத்தில் உறையும். மூன்று பெடலும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போய் நின்றால் பொதுவான கிரவுண்ட் ஒயர்தான், மூன்று பாட்டையும் மாற்றக் கிளம்பாதீர்கள். நடுக்கால் ஒயர் விட்டுப்போவதுதான் வேடிக்கை. எண் எங்கேயும் நிற்காமல் அலையும், கேபிளைத் தொட்டால் மாறும், பக்கத்துப் பெடலை அமுக்கினால் இதுவும் கூடவே எட்டிப் பார்க்கும். கிளட்சை அமுக்கினால் பிரேக் பட்டையும் லேசாக அசைகிறது என்று குழம்புபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எண் தலைகீழாக ஓடினால் இரண்டு ஓரக் கால்களும் இடம் மாறியிருக்கின்றன. ஆபத்தில்லை, மாற்றிச் சால்டர் வைத்தால் தீர்ந்தது. ஆனால் நடுக்கால் ஒயரும் பவர் ஒயரும் இடம் மாறினால் விஷயம் வேறு. எண் அசையாமல் நிற்கும். நீங்கள் பெடலை அமுக்கிக்கொண்டே போனால், ஒரு முனையில் பவரும் கிரவுண்டும் நேராகச் சேர்ந்துவிடும். யூஎஸ்பி துண்டித்துக்கொள்ளும், பாட் லேசாகப் புகைந்த வாசனை வரும். பெடலை அமுக்கும்போதெல்லாம் சாதனம் காணாமல் போகும் சத்தம் கம்ப்யூட்டரில் கேட்டால், இன்னொரு தடவை அமுக்கிப் பார்க்காமல் உடனே பிடுங்குங்கள்.

என்னுடைய 15 சதவீதத்துக்கும் கணக்கு இருந்தது. அறுந்த கிரவுண்ட் ஒயரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 1.8 கிலோ ஓம் காட்டியது. பூஜ்யம் காட்ட வேண்டிய இடம். 10 கிலோ ஓம் பாட்டுக்கு அடியில் 1.8 சேர்ந்தால் மொத்தம் 11.8. அதில் 1.8 என்பது ஏறக்குறைய 15 சதவீதம். பெடலை விட்டாலும் எண் அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை. ஒயரைச் சோதிக்கும்போது மீட்டரின் பீப் சத்தத்தோடு நிறுத்தாமல், ஓமில் வைத்து, ஒயரை வளைத்து ஆட்டியபடி எண்ணைப் பாருங்கள்.

வோல்ட் ஒழுங்காக ஏறி இறங்குகிறது, திரையில்தான் கோளாறு என்றால் பாகத்தை விட்டுவிடுங்கள். பழைய சென்சாருக்குச் செய்த காலிப்ரேஷன் (எண்ணின் கீழ், மேல் எல்லையைக் குறித்து வைப்பது) விண்டோஸில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதே கேம் கன்ட்ரோலர் ஜன்னலில் பழைய நிலைக்கு மீட்கும் பட்டன் இருக்கிறது. லாஜிடெக் பெடல்கள் ஒவ்வொரு முறை செருகியதும் எல்லையைத் தாமே கற்றுக்கொள்பவை. மூன்றையும் ஒரு தடவை அடிவரை அமுக்கினால்தான் அளவு சரியாகும். பெடலைத் தொடாதபோது பட்டை பாதியில் நின்று, ஆக்ஸிலரேட்டருக்கு ஒரு பக்கமும் பிரேக்குக்கு மறுபக்கமும் போனால் அது பழுதே இல்லை. இரண்டு பெடலையும் ஒரே அச்சாகச் சேர்க்கும் அமைப்பு மென்பொருளில் இயங்குகிறது. அதை அணைத்துவிடுங்கள்.

ஹால் சென்சார்

பாட்டுக்குப் பதிலாகக் காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சாருக்கு மாறுபவர்கள் அதிகம். உராய்வு இல்லை, தேய்மானம் இல்லை. ஆனால் வாங்கும்போதே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எஸ்எஸ்49ஈ என்பது காந்தத்தின் பலத்துக்கு ஏற்ப வோல்டை ஏற்றி இறக்கும் வகை. ஏ3144 என்பது வெறும் சுவிட்ச். இரண்டும் கருப்பு உடம்பு, மூன்று கால் என்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கால் வரிசைகூட ஒன்றுதான். சுவிட்ச் வகையை மாட்டினால் பெடல் பூஜ்யம் அல்லது நூறு, நடுவில் எதுவும் கிடையாது. கடைக்காரர் ‘ஹால் சென்சார்தானே’ என்று எடுத்துக் கொடுத்தால் எண்ணைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சோதனை சுலபம். எழுத்து உள்ள முகத்தை உங்கள் பக்கம் வைத்தால் 49ஈயில் இடமிருந்து பவர், கிரவுண்ட், சிக்னல். காந்தம் அருகில் இல்லாதபோது சிக்னல் காலில் பவரில் பாதி வர வேண்டும்: 5 வோல்டுக்கு 2.5. காந்தத்தின் ஒரு முகத்தைக் காட்டினால் ஏறும், மறுமுகத்தைக் காட்டினால் இறங்கும். சிக்னல் கால் பூஜ்யத்திலோ பவரிலோ ஒட்டிக்கொண்டு காந்தத்துக்கு அசையவே இல்லை என்றால் சென்சார் போய்விட்டது, அல்லது பவரும் கிரவுண்டும் மாறிச் சூடாகிறது.

நன்றாக இயங்கியும் எண் 20 முதல் 75 வரைதான் வருகிறது என்பது ஹாலில் இயல்பு. பாட் மாதிரி முனைக்கு முனை போக அதற்குத் தெரியாது. காலிப்ரேஷன் செய்ய வழி இருக்கும் போர்டில் இது ஒரு பிரச்சினையே அல்ல. பெடலைப் பாதி அமுக்கும்போதே எண் உச்சத்தைத் தொட்டு நின்றால் காந்தம் மிக நெருக்கத்தில் இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். 3.3 வோல்ட் போர்டில் சென்சாருக்கு மட்டும் 5 வோல்ட் தனியாக எடுத்துக் கொடுக்கும் குறுக்குவழி வேண்டாம். திரும்பி வரும் சிக்னல் 3.3ஐத் தாண்டினால் போர்டின் சிப் அடிவாங்கும்.

லோட் செல் பிரேக்

தூரத்தை அளக்காமல் காலின் பலத்தை அளப்பதால், லோட் செல் பிரேக்கில் பழகியவர்கள் திரும்பிப் போவதில்லை. த்ரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம் பெடலில் பிரேக்குக்கு மட்டும் லோட் செல், மற்ற இரண்டுக்கும் ஹால். மாற்றுப் பாகம் போடும்போது அதிகம் தலைவலி தருவதும் இதுதான்.

லோட் செல் என்பது ஓர் உலோகக் கட்டை. அதன் மேல் ஒட்டிய நான்கு மின்தடைகள், ஒரு சதுரம் மாதிரி இணைந்திருக்கும். நான்கு மூலையிலிருந்து நான்கு ஒயர். வழக்கமாகச் சிவப்பு பவர், கருப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் சிக்னல். இந்த நிற வழக்கத்தை நம்பாதீர்கள், மாறி வந்தவை உண்டு. எதிலும் இணைக்காமல் ஓமில் அளந்தால் கட்டையே சொல்லிவிடும். நான்கு ஒயரில் ஆறு ஜோடி இருக்கிறது. 1,000 ஓம் வகையில் இரண்டு ஜோடி சுமார் 1,000 காட்டும், மற்ற நான்கும் 750 அளவில் காட்டும். 350 ஓம் வகையில் அதுவே 350, 262. பெரிய எண் காட்டும் இரண்டு ஜோடிகள்தான் எதிர் மூலைகள்: ஒன்று பவர்-கிரவுண்ட், மற்றது சிக்னல் ஜோடி. பவர் ஜோடியில் ஈடுசெய்யும் மின்தடை சேர்த்திருந்தால் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஏதாவது ஒரு ஜோடி முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்துவிட்டது. அறுந்தது ஒயரில் இல்லாமல் கட்டைக்குள்ளே என்றால் அதைக் காப்பாற்ற முடியாது.

சிக்னல் ஒயர் ஒன்றும் பவர் ஒயர் ஒன்றும் இடம் மாறினால் எண் ஒரு முனையில் ஒட்டிக்கொள்ளும். சிக்னல் இரண்டும் தமக்குள் மாறினால், அமுக்கும்போது எண் இறங்கும். பூஜ்யத்துக்குக் கீழே காட்ட முடியாத போர்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். பச்சையையும் வெள்ளையையும் மாற்றிப் பாருங்கள்.

இணைப்பு சரி, ஆனாலும் அசைவு இல்லை என்றால் மாட்டிய விதத்தைப் பாருங்கள். கட்டை வளைந்தால்தான் அளக்க முடியும். ஒரு முனையை இறுக்கி, மறுமுனை காற்றில் நிற்க வேண்டும். இரண்டு முனையும் தகட்டோடு படிந்திருந்தால் யானை மிதித்தாலும் எண் மாறாது. இறுக்கும் முனைக்கு அடியில் இரண்டு வாஷர் கொடுத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி காலின் அழுத்தம் போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்னல் மிக மிகச் சிறியது. 2 மில்லிவோல்ட்/வோல்ட் என்று போட்ட கட்டைக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையில் வருவது 10 மில்லிவோல்ட். 100 கிலோ கட்டை இருந்த இடத்தில், உறுதியாக இருக்கட்டும் என்று 200 கிலோ கட்டை போட்டால் அதே மிதிக்குப் பாதி சிக்னல்தான் கிடைக்கும். ‘புதுசு போட்டதிலிருந்து ரெண்டு மடங்கு மிதிக்க வேண்டியிருக்கு’ என்பதன் காரணம் அதுவே. மென்பொருளில் உச்ச எல்லையைக் குறைத்தால் சரியாகும்.

சொந்தமாகக் கட்டியவர்களுக்கு: எச்எக்ஸ்711 என்ற பெருக்கி போர்டு மலிவு, துல்லியம், ஆனால் கடையில் கிடைக்கும் பல போர்டுகளில் வேகத்தைத் தீர்மானிக்கும் கால் கிரவுண்டோடு சேர்த்தே வருகிறது. அப்படியென்றால் வினாடிக்கு 10 அளவு மட்டும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்குச் சுமார் 55 மீட்டர் போகிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். பிரேக் பட்டை படிக்கட்டு மாதிரி ஏறினால் இதுதான். சிப்பின் 15ஆவது காலைக் கிரவுண்டிலிருந்து பிரித்து அதன் பவரோடு இணைத்தால் வினாடிக்கு 80 ஆகும். கால் மிக நுணுக்கமானது. கை நடுங்குபவர்கள் 80க்கு மாற்றும் வசதியுள்ள போர்டாகவே வாங்குங்கள்.

எண் நடுங்கினால்

பாட்டில் நடுக்கம் என்றால் தூசி அல்லது தேய்மானம். கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை திருப்பினால் சில வாரம் ஓடும். லோட் செல்லில் நடுக்கம் என்றால் ஸ்டியரிங் மோட்டாரின் பவரை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போது அமைதியானால் மோட்டாரின் மின் இரைச்சல்தான் காரணம். பெடல் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து விலக்குங்கள், ஷீல்டு ஒயரை (இரைச்சலைத் தடுக்கக் கேபிளைச் சுற்றி வரும் உறையை) ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேருங்கள்.

ஆர்ஜே12 கனெக்டர் உள்ள பெடலுக்கு டெலிபோன் ஒயரைப் போட்டுப் பார்க்கும் ஆசையும் வரும். செருக நன்றாகவே உட்காரும். ஆனால் டெலிபோன் ஒயர் பலவற்றில் ஆறு இடத்தில் நான்கு கம்பிதான். அதோடு இரு முனைகளுக்கு நடுவே வரிசை தலைகீழாக இருக்கும். பவர் போக வேண்டிய இடத்தில் கிரவுண்ட் போனால் ஹால் சென்சாரும் பெருக்கியும் தாங்காது. செருகும் முன் ஒவ்வொரு கம்பியையும் பீப் வைத்துச் சரிபாருங்கள்.

எல்லாம் சரியானதும் மூடிவிடாதீர்கள். அடிப்பலகையைத் திறந்தபடியே பத்து நிமிடம் ஓட்டி, பிறகு எண்களைப் பாருங்கள். பெடல் மேலேயும் கீழேயும் வந்த ஓம், வோல்ட், எண், மாற்றிய பாகத்தின் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். என் பெடலுக்குள் இப்போது அப்படி மூன்று ஸ்டிக்கர் இருக்கின்றன. முதல் இரண்டில் எழுதிய எதுவும் உண்மையில்லை.